குஸ்னெத்சோவ் என்றால் கொல்லர் சாதியா?

வாசகர் கேள்வி, 8 ஜனவரி 2023

ரஷ்யாவில் தெருவுக்கு ஒரு குஸ்னெத்சோவ் இருக்கிறார். பெயருக்குப் பொருள் கொல்லன். தொழில்வழிச் சாதி நம்மிடம் மட்டும்தான் என்பவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்? அத்தனை பேரும் ஒரு காலத்தில் ஒரே சாதியாகத்தானே இருந்திருக்க வேண்டும்?

8 ஜனவரி, இரவு 10.40

முதல் வரியிலேயே பிசகு. ‘குஸ்னெத்ஸ்’ என்றால்தான் கொல்லன். ‘குஸ்னெத்சோவ்’ என்றால் கொல்லனுடைய. பின்னால் ஒட்டியிருக்கும் ‘ஓவ்’ நம் ஆறாம் வேற்றுமை உருபு பார்க்கிற வேலையைத்தான் பார்க்கிறது. நீ யார் வீட்டுப் பையன் என்று கேட்டால் வருகிற பதில் அது. ஊர்ப்பக்கம் ‘ஆசாரி வீட்டுப் பையன்’ என்கிறோமே, அதில் பையன் உதிர்ந்து ‘ஆசாரி வீட்டு’ மட்டும் காகிதத்தில் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே முதல் குஸ்னெத்சோவே சம்மட்டி பிடித்திருக்க வேண்டும் என்பதில்லை. அவன் அப்பா பிடித்திருந்தால் போதும். மகன் மாடு மேய்த்திருக்கலாம், பட்டாளத்துக்குப் போயிருக்கலாம், பெயர் மாறாது.

சாதி வேறு கதை. கொல்லன் மகன் கொல்லன் மகளைத்தான் கட்ட வேண்டும் என்ற விதி அங்கே கிடையாது. நான் வொரோனெஷ் நகரில் ஆறு வருடம் (1996 முதல் 2002 வரை) மருத்துவம் படித்தவன். குஸ்னெத்சோவ்களோடு ஒரே வாணலியில் உருளைக்கிழங்கு வறுத்துத் தின்றவன். தன் பெயருக்குள் ஒரு கொல்லன் உட்கார்ந்திருக்கிறான் என்பது அவர்களில் ஒருவனுக்கும் நினைவில் இருந்ததில்லை.

9 ஜனவரி, காலை

‘அப்படியானால் ஏன் இத்தனை பேர்?’ என்று கேட்டிருக்கிறார்.

அதிகம் புழங்கும் ரஷ்யக் குடும்பப்பெயர்களை எண்ணிப் போட்ட பட்டியல்களில் இவானோவ், ஸ்மிர்னோவ் இரண்டுக்கும் அடுத்து வருவது பெரும்பாலும் இதுதான். இவான் என்ற பெயர் ஊருக்குப் பத்துப் பேருக்கு இருந்தது, அதனால் இவானோவ் பெருகியது. இது பெருகியது நேர் எதிரான காரணத்தால். ஊருக்குக் கொல்லன் ஒருவன்தான். ஊரே உழுகிற இடத்தில் ஒருவனை மட்டும் உழவன் என்று சொன்னால் யாருக்கும் ஆள் தெரியாது. கொல்லன் என்றால் உடனே தெரியும். தீக்குப் பயந்து பட்டறையை ஊருக்கு வெளியே, முடிந்தால் தண்ணீர் ஓரமாகப் போட்டிருப்பார்கள். லாடம், கொழு, கதவுக் கீல், கோடரி எதற்கானாலும் அங்கே போய் நிற்க வேண்டும். ஆயிரக்கணக்கான ஊர்கள், ஊருக்கு ஒரு கொல்லன், அவனுக்கு நாலு பிள்ளைகள். ஒருவருக்கொருவர் எந்த ரத்த உறவும் இல்லாத குஸ்னெத்சோவ்கள் இப்படித்தான் ஊர் ஊராகத் தனித்தனியே முளைத்தார்கள். ஒரே சாதி என்பதற்கு நீங்கள் காட்டிய சாட்சி உங்களுக்கு எதிராகவே பேசுகிறது.

9 ஜனவரி, இரவு

உச்சரிப்பைத் திருத்தியவருக்கு: ஒப்புக்கொள்கிறேன். அழுத்தம் கடைசி அசையில், கடைசி ‘வ்’ வாயில் ‘ஃப்’ ஆகிவிடும். ‘குஸ்’ஸில் இருப்பது வண்டு ரீங்கரிக்கிற ஒலி, அதற்கு நம்மிடம் எழுத்து இல்லை. சோவியத் காலத் தமிழ்ப் புத்தகங்கள் பழக்கிய எழுத்துக்கூட்டலிலேயே தொடர்கிறேன்.

இப்போது என் வகுப்புக் கதை. எங்கள் குழுவில் பன்னிரண்டு பேர். இரண்டு குஸ்னெத்சோவ், ஒரு கவல்யோவ். மூன்று பேருக்கும் பெயரின் பொருள் ஒன்றே என்று எனக்குத் தெரிய இரண்டு வருடம் ஆனது. தெற்கிலும் மேற்கிலும் கொல்லனுக்கு ‘கவால்’ என்று பெயர். உக்ரைனிய மொழியிலும் அதே சொல்தான். அங்கிருந்து கவல்யோவ், கவலென்கோ, கவல்சுக். போலந்துக்குப் போனால் கவால்ஸ்கி. ஹங்கேரிக்காரர்கள் ஸ்லாவியரிடம் கடன் வாங்கி கோவாச் என்று வைத்துக்கொண்டார்கள். வொரோனெஷ் மாகாணத்தின் தெற்குக் கிராமங்களில் உக்ரைனியம் கலந்த பேச்சு உண்டு. அதனால் எங்கள் வகுப்பில் இரண்டு வகைக் கொல்லரும் ஒரே பெஞ்சில் உட்கார நேர்ந்தது. கவல்யோவின் தாத்தா ஊர் எந்தத் திசையில் என்பதை அவன் பெயரை வைத்தே என்னால் சொல்லியிருக்க முடியும், அப்போது தெரிந்திருந்தால்.

இரண்டு குஸ்னெத்சோவை எப்படிப் பிரித்துக் கூப்பிட்டோம் என்றால், ஒருவன் ‘குஸ்யா’. அந்தப் பெயர்க்காரர்களுக்குப் பள்ளிக்கூடத்தில் வழக்கமாக விழும் செல்லப்பெயர் அது. இன்னொருவன் ஓயாமல் கிதார் மீட்டுவான், அதனால் ‘கிதாரா’. முந்நூறு வருடம் முன்னால் என்றால் அவன் பிள்ளைகள் ‘கிதாரின்’ ஆகியிருப்பார்கள். ‘ஆ’வில் முடியும் சொல்லுக்கு ‘ஓவ்’ ஒட்டாது, ‘இன்’ ஒட்டும். பீரங்கிக்கு ‘புஷ்கா’. அந்தப் பட்டப்பெயர் கொண்ட ஒரு முன்னோர் வழியாக வந்தவர்தான் கவிஞர் புஷ்கின்.

குஸ்மின், குஸின் என்ற பெயர்களும் இதே கொல்லன் வேர்தான்.

11 ஜனவரி

மேலே கடைசி வரியை அடித்துவிடுங்கள். குஸ்மினும் குஸினும் கொல்லனிடமிருந்து வரவில்லை. குஸ்மா என்ற ஆள்பெயரிலிருந்து வந்தவை. அது கிரேக்கக் கோஸ்மாஸ், ஞானஸ்நானத்தில் வைக்கிற பெயர்.

ஆனால் நான் மட்டும் ஏமாறவில்லை, ரஷ்யக் கிராமமே ஏமாந்திருக்கிறது. கோஸ்மாஸ், தாமியான் என்ற இரட்டைப் புனிதர்கள் உண்மையில் காசு வாங்காமல் வைத்தியம் பார்த்தவர்கள். ரஷ்யாவில் அவர்கள் குஸ்மாவும் தெமியானும் ஆனார்கள். குஸ்மா, குஸ்னெத்ஸ் என்று காதில் ஒன்றுபோல விழுந்ததால் வைத்தியர்கள் இருவரும் கொல்லர்களின் காவலர்களாகிவிட்டார்கள். பழைய நாட்காட்டிப்படி நவம்பர் 1, இப்போதைய கணக்கில் நவம்பர் 14 அவர்கள் திருநாள். உக்ரைனியக் கதைகளில் இன்னும் ஒரு படி மேலே போய், இருவரும் கலப்பை செய்து பெரும் பாம்பை அதில் பூட்டி உழுகிறார்கள். கீவ் பக்கம் இருக்கும் பழைய மண்மதில்கள் அந்தப் பாம்பு உழுத சால்களாம்.

வைத்தியனான என்னைவிட அந்தக் கொல்லர்களுக்கு இவர்கள் மேல் உரிமை அதிகம் என்பதில் கொஞ்சம் வருத்தம்தான்.

11 ஜனவரி, சற்று நேரம் கழித்து

இன்னொன்று. வெட்டுக்கிளிக்கு ரஷ்ய மொழியில் ‘குஸ்னேச்சிக்’. குட்டிக் கொல்லன். புல்லுக்குள் உட்கார்ந்து தட்டிக்கொண்டே இருக்கிறது அல்லவா.

சதிக்கும் வஞ்சகத்துக்கும் அவர்கள் வைத்திருக்கும் ‘கோஸ்னி’, ‘கவார்னி’ என்ற சொற்களும் இரும்பு அடிக்கிற வேரிலிருந்து வந்தவைதான். நாம் சதித்திட்டம் தீட்டுகிறோம், அவர்கள் உலையில் போட்டு அடிக்கிறார்கள். நெருப்போடு பழகுகிறவன் பேயோடும் பழகுவான் என்ற சந்தேகம் கிராமத்தில் கொல்லன் மேல் எப்போதும் உண்டு. கோகல் எழுதிய கிறிஸ்துமஸ் இரவுக் கதையில் பிசாசின் முதுகில் ஏறிப் பீட்டர்ஸ்பர்குக்குப் பறக்கிற வக்கூலா ஒரு கொல்லன். அதே கோகல் மூக்கைத் தொலைத்த அதிகாரிக்கு வைத்த பெயர் கவல்யோவ்.

14 ஜனவரி

பொங்கல் விடுப்பு, கொஞ்சம் விரிவாக எழுத நேரம் இருக்கிறது.

‘எந்த நூற்றாண்டில் இந்தப் பெயர்கள் நிலைத்தன?’ ஒரே பதில் இல்லை. பிரபுக்களுக்கு முதலில், வணிகர்களுக்கு அப்புறம், விவசாயிகளுக்குக் கடைசியில். பண்ணையடிமையாக இருந்தவனுக்கு எழுத்தில் குடும்பப்பெயர் எதற்கு? வரிக்கணக்குக்காக எடுத்த பதிவேடுகளில் இவான், பியோத்தரின் மகன் என்று இருந்தால் போதும். அதைத்தான் ‘இவான் பெத்ரோவ்’ என்று எழுதினார்கள். இதில் பெத்ரோவ் குடும்பப்பெயர் இல்லை, அப்பா பெயர். பழைய பதிவேட்டைப் பார்த்துத் தன் வம்சம் தேடுகிறவர்கள் அங்கே தடுமாறுவது இதனால்தான். அடுத்த தலைமுறையில் அதே ஆளின் மகன் ‘இவானோவ்’ ஆகிவிடுவான்.

1861இல் அடிமை முறை ஒழிந்தது. அதன் பிறகு ராணுவம், கடவுச்சீட்டு, நிலப்பத்திரம் எல்லாவற்றிலும் நிலையான பெயர் கேட்டார்கள். 1888இல் செனட் சபை, குடும்பப்பெயர் வைத்திருப்பது உரிமை மட்டும் இல்லை, கடமையும்கூட என்று அறிவித்தது. சட்டம் போட்டுச் சொல்ல வேண்டியிருந்தது என்றால் அதுவரை இல்லாமலே காலம் தள்ளியவர்கள் எவ்வளவு பேர் இருந்திருப்பார்கள் என்று பாருங்கள். அந்த அவசரத்தில் எழுத்தர் கேட்டிருப்பார்: உன்னை ஊரில் எப்படிச் சொல்வார்கள்? கொல்லன் வீட்டான். சரி, குஸ்னெத்சோவ், அடுத்த ஆள் வா.

வேடிக்கை என்னவென்றால் ரஷ்ய வரலாற்றின் மிகப் பெரிய கொல்லன் குஸ்னெத்சோவ் ஆகவில்லை. துலா நகரத்து நிகித்தா (1656–1725). முதலாம் பீட்டருக்குத் துப்பாக்கி செய்து கொடுத்து, உரால் மலையில் இரும்பாலைகளை வாங்கி, பெரும் பணக்காரக் குடும்பத்தைத் தொடங்கி வைத்தவர். அவர் அப்பா பெயர் தெமீத். ஆகவே குடும்பம் தெமீதவ். துலாவில் தடுக்கி விழுந்தால் கொல்லன் மேல்தான் விழ வேண்டும், அங்கே போய்க் கொல்லன் என்று யாருக்கு அடையாளம் சொல்வது? ஒன்பதாம் தேதி எழுதியது இங்கே பொருந்திவருகிறது. கொல்லன் தெருவில் ஊசி விற்கிறவனுக்கு ரஷ்யாவில் ‘துலாவுக்குச் சொந்த சமோவாரோடு போகிறவன்’ என்று பெயர். சமோவார் என்பது தேநீருக்கு வெந்நீர் காய்ச்சும் பாத்திரம், துலா அதற்குப் பேர்போன ஊர்.

15 ஜனவரி

ஒரு நண்பர் தொலைபேசியில் சண்டை போட்டார். சாதி என்பதே கிடையாது என்று முதல் நாள் எழுதியது ரொம்பச் சுலபமாகச் சொன்னது என்றார். யோசித்தேன். பாதி அவர் பக்கம் நியாயம் இருக்கிறது.

சாரிஸ்ட் ரஷ்யாவில் ஒவ்வொருவனும் ஏதாவது ஒரு ‘சஸ்லோவியே’யில் எழுதப்பட்டிருந்தான்: பிரபு, பாதிரி, வணிகன், நகரவாசி, விவசாயி. பிறப்பால் வருவது, வரியும் தண்டனையும் அதைப் பொறுத்தது. பாதிரிகள் விஷயத்தில் இது நம்மூர் அளவுக்கே போய்விட்டது. பாதிரி மகன் செமினாரியில் படித்துப் பாதிரியாவான், பாதிரி மகளைக் கட்டுவான், மாமனாரின் கோயில் பொறுப்பு மருமகனுக்கு வரும். பப்போவ் என்ற பெயரும் முதல் வரிசையில் இருப்பதுதான், ‘போப்’ என்றால் ஊர்ப் பாதிரி. கம்பியில்லாத் தந்தியில் முன்னோடியான அலெக்சாந்தர் பப்போவ் (1859–1906) உண்மையிலேயே ஒரு பாதிரியாரின் மகன்.

ஆகவே கேள்வி கேட்டவர் பப்போவை எடுத்துக்கொண்டு வந்திருந்தால் நான் இன்னும் கஷ்டப்பட்டிருப்பேன். கொல்லனைக் கொண்டுவந்தார். கொல்லனுக்குத் தனிச் சஸ்லோவியே கிடையாது, அவன் விவசாயிக் கணக்கிலேயே இருந்தான்.

19 ஜனவரி

பிரபலமான குஸ்னெத்சோவ்களைப் பட்டியல் போடச் சொன்னால் முடியாது. ஒரே ஒரு பெயரை எடுத்துக்கொள்கிறேன்: நிகொலாய் குஸ்னெத்சோவ். மூன்று பேர், மூவருக்கும் சிலை உண்டு.

முதல்வர் கடற்படைத் தளபதி. அர்ஹாங்கெல்ஸ்க் பக்கத்துக் கிராமத்துப் பையன், பிறந்தது 1904. கடற்படையில் சேர வயது பற்றாமல் இரண்டைக் கூட்டி 1902 என்று எழுதிக்கொண்டார். ஜெர்மனி படையெடுத்த 1941 ஜூன் 22க்கு முந்தின இரவு கப்பற்படைகளை முழு ஆயத்த நிலைக்குக் கொண்டுவந்தவர். போருக்குப் பிறகு 1948இல் விசாரணை, பதவியிறக்கம். திரும்ப மேலே வந்து 1955இல் மிக உயர்ந்த பட்டம். அந்த ஆண்டே ஒரு போர்க்கப்பல் துறைமுகத்தில் வெடித்து மூழ்கியது. அதைத் தொடர்ந்து 1956இல் மறுபடி இறக்கி வீட்டுக்கு அனுப்பினார்கள். 1974இல் இறந்தார். பட்டத்தைத் திருப்பிக் கொடுத்தது 1988இல்.

இரண்டாமவர் உளவாளி. 1911இல் பிறந்தபோது பெயர் நிகனோர். பிடிக்காமல் இருபது வயதில் நிகொலாய் என்று மாற்றிக்கொண்டார். ஜெர்மானியர் பிடியில் இருந்த ரோவ்னோ நகரில் பவுல் ஸீபெர்ட் என்ற ஜெர்மன் அதிகாரியாக உடுப்பு மாட்டித் திரிந்தவர், 1944 மார்ச்சில் செத்தார். கூட இருந்த கொரில்லாப் படையில் அவருக்கு வேறொரு பெயர், கிரச்சோவ். ஒரு ஆளுக்கு இத்தனை பெயர், மாறாமல் நின்றது குடும்பப்பெயர் ஒன்றுதான்.

மூன்றாமவர் விமான எஞ்சின் செய்தவர். அவரும் 1911. இவரைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், எனக்குச் சொந்த விஷயம் ஒன்று இருக்கிறது.

மூவரையும் ரஷ்யர்கள் எப்படிப் பிரிக்கிறார்கள்? கெராசிமோவிச், இவானோவிச், திமீத்ரியெவிச். அப்பா பெயர். குஸ்னெத்சோவ் என்று மட்டும் சொன்னால் எதுவும் சொன்னதாகாது. வகுப்பில் பேராசிரியையைக் குடும்பப்பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அடிக்க வருவார்கள். பெயரும் அப்பா பெயரும் சொன்னால்தான் மரியாதை. கத்தரீன் மகாராணி காலத்தில் ‘ஓவிச்’ என்று முழுசாக எழுதிக்கொள்ள உயர் பதவிக்காரர்களுக்கு மட்டும்தான் உரிமை இருந்தது. இப்போது கடைநிலை ஊழியருக்கும் உண்டு.

20 ஜனவரி

‘விமானந்தாங்கிக் கப்பலை விட்டுவிட்டீர்களே.’ விடவில்லை. அது முதல் நிகொலாயின் பெயரில் இருப்பது. ஆனால் கடைசியில் கிடைத்த பெயர். கருங்கடல் ஓரத்து நிகொலாயெவில் 1982இல் கட்டத் தொடங்கியபோது ரீகா. சோவியத் தலைவர் பிரெஷ்னேவ் செத்ததும் லியோனித் பிரெஷ்னேவ். கொர்பச்சோவ் காலத்தில் அந்தப் பெயருக்கு மவுசு குறைந்ததும் திபிலீசி. 1990இல் அட்மிரல் குஸ்னெத்சோவ். அடுத்த வருடமே ரீகாவும் திபிலீசியும் வேறு நாட்டுத் தலைநகரங்கள் ஆகிவிட்டன. நிகொலாயெவும் உக்ரைனுக்குப் போய்விட்டது. கடைசிப் பெயர் மட்டும் எங்கேயும் போக முடியாத பெயர்.

22 ஜனவரி

பெயரை உதறியவரும் உண்டு. கீவில் நாஜிகள் யூதர்களைக் கொன்று குவித்த பாபி யார் படுகொலையைப் பற்றி எழுதிய அனத்தோலி குஸ்னெத்சோவ் (1929–1979). லெனினைப் பற்றி ஆராயப் போகிறேன் என்று சொல்லி 1969இல் லண்டன் போனவர் திரும்பவில்லை. சோவியத் நாட்டில் தணிக்கையோடு வெளிவந்தவை எல்லாம் குஸ்னெத்சோவ் எழுதியவை, அவை என்னுடையவை அல்ல என்று சொல்லாமல் சொல்வதுபோல் அதன் பிறகு ‘அ. அனத்தோலி’ என்று கையெழுத்துப் போட்டார்.

அதே பெயரில் ஒரு நடிகரும் இருந்தார் (1930–2014). பாலைவனத்தில் செம்படைவீரன் சுஹோவாக நடித்த படத்தை விண்வெளி வீரர்கள் கிளம்புவதற்கு முன் இன்றும் பார்க்கிறார்கள். ஒருவருக்குப் பெயரே பாரம், இன்னொருவருக்கு அதே பெயர் ராசி.

1970இல் லெனின்கிராது அருகே விமானம் கடத்தத் திட்டமிட்டுப் பிடிபட்ட எதுவார்த் குஸ்னெத்சோவைச் சொல்லாமல் விட முடியாது. மரண தண்டனை விதித்துப் பதினைந்து வருடச் சிறையாகக் குறைத்தார்கள், 1979இல் உளவாளிகளுக்கு மாற்றாக வெளியே அனுப்பினார்கள். அப்பா யூதர், பிள்ளை சிறுவனாக இருந்தபோதே இறந்துவிட்டார். பிள்ளைக்குக் கிடைத்தது ரஷ்யத் தாயின் குடும்பப்பெயர். ‘யார் வீட்டுப் பையன்’ என்ற கேள்விக்குப் பெயர் சொல்கிற பதில் அவர் விஷயத்தில் அம்மா வீடு.

23 ஜனவரி

டென்னிஸ் ஸ்வெத்லானா: பெண் என்றால் குஸ்னெத்சோவா, குடும்பமாகச் சொன்னால் குஸ்னெத்சோவி. 2004இல் அமெரிக்க ஓப்பன், 2009இல் பிரெஞ்சு ஓப்பன். இரண்டு இறுதிப் போட்டியிலும் எதிரில் நின்றவரும் ரஷ்யர்தான்: தெமெந்தியெவா, அப்புறம் சஃபீனா. கணவன் மனைவி, அண்ணன் தங்கை பெயர்கள் ஏன் பொருந்தவில்லை என்று விசா வாங்கப் போகும் ரஷ்யர்களை வெளிநாட்டில் ஒரு ‘ஆ’வுக்காகக் குடைவார்கள்.

26 ஜனவரி

என் பெயர்க் கதையைக் கேட்டிருக்கிறார்கள். சிரிக்கக் கூடாது.

கடவுச்சீட்டில் குடும்பப்பெயர்க் கட்டத்தில் என் அப்பா பெயர். நமக்கு முன்னெழுத்துத்தானே, விரித்து எழுதினால் அப்பா வந்துவிடுகிறார். வொரோனெஷில் ஆறு வருடமும் வருகைப்பதிவில் கூப்பிட்டது அப்பாவைத்தான். தேர்வில் தேறியதும் தவறியதும் அவரே. பட்டம் வாங்கியபோது மேடையில் அவர் பெயர் ஒலித்தது, நான் போய்க் கைகுலுக்கினேன். வீட்டுக்கு எழுதியபோது, ‘ஒழுங்காப் படிச்சிருப்பேன் போல’ என்று பதில் போட்டார்.

அப்பா பெயர் ‘-யன்’ என்று முடியும். ஆர்மீனியக் குடும்பப்பெயர்கள் ‘-யான்’ என்று முடிபவை: மிகோயான், கச்சத்தூரியான். சந்தையில் தக்காளி விற்ற ஆர்மீனியப் பெரியவர் என் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு அவர் மொழியில் பேச ஆரம்பித்தார். முகத்தைப் பார்த்துச் சந்தேகம் வந்தும் விடவில்லை, அரைக் கிலோ கூடப் போட்டார்.

அதைவிடச் சங்கடம் பதிவு அலுவலகத்தில். எந்த அலுவலகம் என்று வேண்டாம். அப்பா பெயர்க் கட்டத்தையும் நிரப்பு என்றார் எழுத்தர் அம்மாள். ஏற்கெனவே குடும்பப்பெயரில் அவர்தான் இருக்கிறார் என்றேன். அது குடும்பம், இது அப்பா, வேறு வேறு என்றார். கடைசியில் அப்பாவையே ‘ஓவிச்’ சேர்த்து இன்னொரு தடவை எழுதினோம். ஒரு அட்டையில் அவர் இரண்டு முறை, நான் ஒரு முறை. அப்புறம் வேற்றுமை உருபு வேறு. ராமன் என்று வைத்துக்கொள்ளுங்கள், ‘ராமனுக்கு’ என்பது அங்கே ‘ராமனு’. அறிவிப்புப் பலகையில் பார்த்தபோது யாரோ தமிழ் எழுதிக்கொண்டிருந்தவன் ‘க்கு’ போடுவதற்குள் ஓடிவிட்டான் என்று தோன்றியது.

நமக்கும் அவர்களுக்கும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறது. அப்பா பெயர் இல்லாமல் ஆள் முழுசாவதில்லை. அதன் மேல் அவர்களுக்குக் கொல்லனும் பாதிரியும் ஒட்டிக்கொண்டது பின்னால் வந்த காகித வேலை.

30 ஜனவரி

‘நோவொகுஸ்னெத்ஸ்க் நகரம் எந்தக் குஸ்னெத்சோவ் நினைவாக?’ யார் நினைவாகவும் இல்லை. 1618இல் சைபீரியாவில் தோம் ஆற்றங்கரையில் ஒரு கோட்டை கட்டினார்கள். அந்தப் பக்கத்து ஷோர் மக்கள் இரும்பு உருக்குவதில் கைதேர்ந்தவர்கள், ரஷ்யர்கள் அவர்களுக்கு வைத்த பெயர் ‘கொல்லர் தாத்தாரியர்’. அதனால் ஊர் குஸ்னெத்ஸ்க். நிலக்கரி வெட்டும் குஸ்பாஸ் வட்டாரப் பெயரும் அதிலிருந்துதான். மாஸ்கோவின் குஸ்னெத்ஸ்கி மோஸ்த் தெருவும் பீரங்கி வார்ப்புச்சாலைக் கொல்லர்கள் குடியிருந்த இடத்துப் பாலம். பாலமும் இல்லை, ஆறும் இல்லை. நெக்லின்னயா ஆற்றைக் குழாய்க்குள் விட்டு மூடிவிட்டார்கள்.

2 பிப்ரவரி

பீங்கான் குஸ்னெத்சோவ்களைக் கேட்டவருக்கு. மத்வேய் குஸ்னெத்சோவ் (1846–1911), பழைய சடங்குகளை விடாத கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பம். துலேவோ ஆலை அவர்களுடையது. பெயர்பெற்ற கார்ட்னர் ஆலையையும் 1892இல் வாங்கினார். முன்னோர் க்ஷெல் பக்கத்தில் பட்டறை வைத்திருந்ததாகவும் அங்கே கிடைத்த வெள்ளைக் களிமண்தான் தொழிலை மாற்றியதாகவும் குடும்பக் கதை.

வொரோனெஷ் பழம்பொருள் சந்தையில் அடியில் அவர் முத்திரை போட்ட ஒரு கோப்பையை வாங்கினேன், காது உடைந்தது. ஊருக்குக் கிளம்பும்போது பழம்பொருள் என்று விமான நிலையத்தில் பிடித்துக்கொண்டார்கள். உடைந்த கோப்பைக்கு அனுமதிச் சீட்டு எங்கே போய் வாங்குவது? வழியனுப்ப வந்த குஸ்யாவிடம் கொடுத்துவிட்டேன். குஸ்னெத்சோவ் கோப்பை குஸ்னெத்சோவிடம் என்று சொல்லிச் சிரித்தான். சிரிப்பு எனக்குத்தான் வரவில்லை, அதில் ஆறு வருடம் தேநீர் குடித்திருந்தேன்.

11 பிப்ரவரி

மூன்றாவது நிகொலாய். எழுதுகிறேன் என்று சொல்லி மூன்று வாரம் ஆகிவிட்டது.

எனக்குச் சொந்த ஊர் அரக்கோணம். 1992இல் கோவாவிலிருந்து கடற்படையின் டி.யு.142 விமானங்களை எங்கள் ஊர் ராஜாளி தளத்துக்குக் கொண்டுவந்தார்கள். மொத்தம் எட்டு. மற்ற விமானச் சத்தம் வந்து போகும், இது வந்தால் தங்கும். அடிவயிற்றில் ஒரு உறுமல், ஜன்னல் கண்ணாடி அதிரும், கணக்கு வாத்தியார் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு அது போகட்டும் என்று நிற்பார்.

அந்த உறுமல் என்.கே.12 எஞ்சின். வொரோனெஷில் மூன்றாம் வருடம், எஞ்சின் பைத்தியமான கவல்யோவிடம் ஊர்க் கதை சொல்லிக்கொண்டிருந்தபோது அவன் கேட்டான், என்.கே. என்றால் என்ன தெரியுமா? நிகொலாய் குஸ்னெத்சோவ். போருக்குப் பின் ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்த பொறியாளர்களையும் வைத்துக்கொண்டு குய்பிஷெவில், இன்றைய சமாராவில், அவர் பிரிவு செய்த எஞ்சின். ஏறத்தாழ 15,000 குதிரைத்திறன். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு விசிறி, எதிரெதிர்த் திசையில் சுற்றும், அந்த உறுமல் அதனால்தான். நிலவுக்குப் போக அவர் செய்த என்.கே.33 எஞ்சின்கள் திட்டம் நின்றுபோய்க் கிடங்கில் கிடந்து, 1990களில் அமெரிக்கர்களுக்கு விற்கப்பட்டது இன்னொரு கதை.

இரண்டு குஸ்னெத்சோவும் பக்கத்தில்தான் இருந்தார்கள், அவர்களுக்கு இது தெரியவில்லை. சொன்னவன் கவல்யோவ். பெயரை வைத்து ஆளை எடைபோடுகிறவர்கள் கவனிக்கவும்.

2017 மார்ச் 29 அன்று அரக்கோணத்தில் அந்த விமானங்களுக்கு விடைகொடுத்தார்கள். நான் போகவில்லை, வெளிநோயாளிகள் காத்திருந்தார்கள். போயிருக்கலாம்.

25 பிப்ரவரி

போன வாரம் விசாகப்பட்டினம் போயிருந்தேன். கடற்கரைச் சாலையில் ஒரு டி.யு.142ஐ அருங்காட்சியகமாக நிறுத்தியிருக்கிறார்கள். எஞ்சினில் எங்கேயாவது அந்த இரண்டு ரஷ்ய எழுத்துகள் பொறித்திருக்குமா என்று கீழே நின்று கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தேன். மூடி போட்டிருந்தது, ஒன்றும் தெரியவில்லை. விசிறி இதழ்களை எண்ணினேன், 16. என் மகன், ‘இதுதானா உங்களைப் பாடம் கேக்க விடாம செஞ்சது’ என்று கேட்டுவிட்டுக் கடல் பக்கம் போய்விட்டான். காவலர் விசில் அடித்தார்.

26 பிப்ரவரி

கடற்படையில் இருந்த ஒருவர் திருத்தியிருக்கிறார். எஞ்சினுக்கு இரண்டு விசிறி, விசிறிக்கு நான்கு இதழ், எஞ்சின் நான்கு. 32. நான் ஒரு பக்கத்து இறக்கையை மட்டும் எண்ணியிருக்கிறேன்.